பிள்ளை கொண்டுவந்த சேதி

எங்கள் பள்ளிக்கூடத்து மணி ஒரு தண்டவாளத் துண்டு. வேப்பமரக் கிளையில் கம்பி போட்டுக் கட்டியிருப்பார்கள். காலையில் பள்ளி தொடங்க ஒரு முறையும் மாலையில் வீட்டுக்கு விட ஒரு முறையும் அது ஒலிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் சில நாள் நடுப்பகலிலேயே, கணக்குப் பாடம் பாதியில் நிற்க, விடாமல் அடிக்கும். அதற்குச் சற்று முன் பெரிய வாத்தியார் திண்ணைக்கு வந்து கிழக்கே பார்த்து நின்றிருப்பார். உப்பனாற்றுக்கு அப்பால், கடல் இருக்கும் பக்கம், வானம் கறுத்துத் தாழ்ந்துவிட்டால் அவர் யாரிடமும் கேட்கமாட்டார். கேட்க ஆளும் கிடையாது. பள்ளியில் தொலைபேசி இல்லை, ஊரிலேயே இல்லை.

"பெரிய பசங்க சின்னப் புள்ளைங்க கையப் புடிச்சிக்குங்க. வாய்க்கா ஓரமா போவக்கூடாது. நாளைக்கும் மழை புடிச்சிருந்தா வர வேணாம். வெய்யில் அடிச்சா வந்துடணும்."

அவ்வளவுதான் விடுமுறை அறிவிப்பு. 1983-இல் நான் மூன்றாம் வகுப்பு. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலைக்கும் உப்பனாற்றுக்கும் இடையில் கிடக்கும் ஊர்களில் ஒன்று எங்களுடையது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. ஐந்து வகுப்புக்கும் இரண்டே ஆசிரியர்கள். ஓட்டுக் கட்டடம் ஒன்று, அதை ஒட்டிக் கூரைக் கொட்டகை ஒன்று. கொட்டகையில் மழை ஒழுகும் இடங்கள் எங்களுக்கு மனப்பாடம். அந்த இடங்களை விட்டுவிட்டுத்தான் உட்காருவோம்.

யூரியா சாக்கின் ஒரு மூலையை உள்ளே தள்ளிக் கொங்காணி போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடுவோம். பெரிய வாத்தியார் சொன்னது வீடு வந்து சேர்வதற்குள் கொஞ்சம் மாறிவிடும். 'நாளைக்கு மழை இருந்தா' என்பது வழியிலேயே உதிர்ந்து, 'நாளைக்கு லீவு' என்பது மட்டும் என் வாயில் மிஞ்சும். அம்மா அடுப்படியிலிருந்து திரும்பாமலே கேட்பார்:

"பெரிய வாத்தியாரு சொன்னாரா, நீயா சொல்றியாடா?"

அதோடு விடமாட்டார். பக்கத்து வீட்டில் ஐந்தாம் வகுப்புப் படித்த அக்காவைக் கூப்பிட்டுக் கேட்பார். எதிர் வீட்டுப் பையனையும் கேட்பார். மூன்று வாயில் வந்த மூன்று சேதியையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வாத்தியார் உண்மையில் என்ன சொன்னார் என்பது அம்மாவுக்குப் பிடிபட்டுவிடும். பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த ஒரே தபால் நாங்கள்தான். அந்தத் தபாலை எப்படிப் படிக்க வேண்டும் என்று எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இப்போது அதே இடத்தில் தளம் போட்ட கட்டடம் இருக்கிறது. கூரைக் கொட்டகை எப்போதோ போய்விட்டது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்த பிறகு தமிழ்நாட்டில் எந்தப் பள்ளிக்கும் கீற்றுக் கூரை கூடாது என்றானது. என் தங்கையின் பேத்தி அந்தக் கட்டடத்தில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். சென்ற கார்த்திகையில் ஒருநாள் இரவு அவர்கள் வீட்டில் இருந்தேன். ஓட்டில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. தங்கை மகளின் கைப்பேசியில் ஒரு ஒலி, பள்ளியின் பெற்றோர் குழுவிலிருந்து.

"மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம். கனமழை காரணமாக மாவட்ட ஆட்சியர் அவர்களின் உத்தரவுப்படி நாளை பள்ளிகளுக்கு விடுமுறை. மாணவர்களை நீர்நிலைகள் அருகே செல்லாமல் பார்த்துக்கொள்ளவும். காய்ச்சிய நீரையே பருகக் கொடுக்கவும்."

கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். செய்தி ஒரு எழுத்து மாறாமல் எல்லா வீட்டுக்கும் ஒரே நொடியில் போய்விட்டது. எங்கள் காலத்தில் மழையில் பாதி வழி வந்து, பூட்டிய பள்ளியைப் பார்த்துவிட்டுத் திரும்பிய நாள்கள் எத்தனையோ. வாய்க்காலில் தண்ணீர் ஏறியது தெரியாமல் இறங்கிய பிள்ளைகளும் உண்டு. முதல் நாள் இரவே, வரவேண்டாம் என்று தெரிந்துவிடுவது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அந்தச் சேற்றில் நடந்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் அந்தத் தெருவில் நடந்ததை அப்படியே சொல்லவேண்டும். செய்தி வந்தது தங்கை மகளின் போனுக்கு. அவள் வீட்டில் இரண்டு போன் உண்டு. தெருக்கோடி வீட்டில் ஒரே போன்தான். பள்ளிப் பதிவில் இருப்பதும் அந்தத் தகப்பனின் எண்தான். அவருக்கு அன்று 'பி' ஷிப்ட், பகல் இரண்டிலிருந்து இரவு பத்து வரை. ரசாயன ஆலைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். தீப்பற்றும் பொருள்கள் இருக்கும் இடம். கேட்டிலேயே ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஆகவே அந்த வீட்டுக்கு வந்த சேதி சிப்காட் தொழிற்பேட்டையில் ஆலைக் கேட்டில் ஒரு மரப்பெட்டிக்குள் இரவு பத்தேகால் வரை காத்துக் கிடந்தது. அந்த வீட்டுப் பையன் வழக்கம்போல மாலையே பள்ளியிலிருந்து வந்துவிட்டான். நாளைக்குப் பள்ளி உண்டா என்று அவன் அம்மா கேட்டதற்கு, "போன்ல போடுவாங்கம்மா" என்றானாம்.

அவன் சொன்னதில் தவறில்லை. பள்ளியில் என்ன சொன்னார்கள் என்று அவனிடம் யாரும் கேட்டுப் பழக்கவில்லை. சொல்லி அனுப்புவதும் இல்லை. ஏழு வயதுப் பிள்ளை ஒரு வாக்கியத்தைத் தலையில் சுமந்து, சேறு தாண்டி, சிந்தாமல் வீட்டில் கொண்டுவந்து இறக்கிவைக்கும் வேலை ஒன்று இருந்தது. அந்த வேலை இப்போது யாருக்கும் இல்லை.

சோற்றைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் மழை விடுமுறை என்பது எங்கள் வீடுகளில் எப்போதும் சோற்றுக் கணக்காகத்தான் இருந்தது. எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் 1982 ஜூலை 1-இல் தொடங்கியது. அடுத்த வருடத்து மழையில் நான் 'லீவு' என்று குதித்துக்கொண்டு வந்தபோது அம்மாவின் முகம் ஏன் அப்படி இருந்தது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. மழையில் நடவும் களையெடுப்பும் நின்றுபோன நாளில், பள்ளியில் கிடைக்கும் ஒரு வேளைச் சோறும் நின்றது. அன்று சத்துணவில் முட்டை கிடையாது. 1989-இல்தான் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று வந்தது. 2010-இல் வாரம் ஐந்து ஆனது. 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றிலும் காலை உணவும் சேர்ந்தது. எங்கள் பேத்திக்கு புதன்கிழமை என்றால் வெண்பொங்கல், சாம்பார் என்று கிழமையோடு உணவும் மனப்பாடம். மகளிர் குழுப் பெண்கள் விடியலில் வந்து அடுப்பு மூட்டுகிறார்கள். மார்கழிப் பனியில் வரும் பிள்ளைகள் சூடான தட்டைக் கையில் வாங்கி, முதலில் விரல்களைக் காய்ச்சிக்கொண்டு பிறகுதான் சாப்பிடத் தொடங்குகிறார்கள். அதை ஒருநாள் நின்று பார்த்தேன். 1983-இன் திண்ணையில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்த எங்கள் வகுப்பை நினைத்துக்கொண்டேன்.

எனவே இப்போது 'நாளை விடுமுறை' என்ற சேதி வந்தால் ஒரு வேளைக்குப் பதில் இரண்டு வேளை வீட்டில் சேர்கிறது. காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போகும் தாய் அந்தச் செய்தியைப் படித்ததும் முதலில் பார்ப்பது அரிசி டப்பாவை. பிறகு, பிள்ளையை யாரிடம் விடுவது என்ற கேள்வி. அன்று ஊரில் பாட்டிகள் இருந்தார்கள், மழைக்கு வேலையில்லாமல் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். இன்று மழை பெய்தாலும் ஷிப்ட் நிற்பதில்லை.

தேர்வைப் பற்றிய சேதியும் மாறிவிட்டது. அன்று அரையாண்டுத் தேர்வு என்றால் மார்கழியின் நடுக்கம். ஜூனில் கொடுத்த ஒரே புத்தகம் ஏப்ரல் வரை வரவேண்டும். சிமென்ட் சாக்குத் தாளில் அட்டை போட்டிருப்போம். ஐப்பசி மழையில் நனைந்து, அடுப்பு மேட்டில் காய்ந்து, அரையாண்டுக்குள் அது இரண்டு பங்கு தடித்துவிடும். ஜனவரியில் ராங்க் கார்டு வரும். அப்பா கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் என் பாட்டி மையில் கட்டைவிரலை ஒற்றி வைப்பார். மதிப்பெண் எவ்வளவு என்று கேட்கமாட்டார், "பாஸா?" என்று மட்டும் கேட்பார். 2012–13 கல்வியாண்டில் முப்பருவ முறை வந்தபின் தொடக்கப்பள்ளியில் அது இரண்டாம் பருவத் தேர்வு. ஊரில் எல்லோரும் இன்னும் 'அரையாண்டு' என்றுதான் சொல்கிறார்கள். ஜனவரியில் பள்ளி திறக்கும் நாளில் மூன்றாம் பருவப் புத்தகம் புதிதாக, வண்ணப் படங்களோடு, மெலிதாகக் கையில் வருகிறது. பெயிலாகி அதே வகுப்பில் உட்கார்ந்து, பிறகு பள்ளிக்கே வராமல் போன என் வகுப்புப் பையன்கள் மூன்று பேர் ஞாபகத்தில் இருக்கிறார்கள். இப்போது தொடக்கப்பள்ளியில் யாரையும் பெயிலாக்குவதில்லை. அந்த வழி அடைபட்டதை நல்லதாகவே நினைக்கிறேன்.

எங்கள் மாவட்டத்து மார்கழிச் சேதி ஒன்று மாறவே இல்லை. சிதம்பரம் நடராஜருக்கு ஆருத்ரா தரிசனம் வரும்போது ஆட்சியர் உள்ளூர் விடுமுறை விடுவார். அதை ஈடுகட்ட ஒரு சனிக்கிழமை பள்ளி நடக்கும். அன்று அதைப் பெரிய வாத்தியார் சொன்னார், இன்று குழுவில் வருகிறது. அந்தச் சனிக்கிழமையை அன்றும் மறந்தோம், இன்றும் மறக்கிறார்கள்.

மழைக்காலச் சேதிகளில் உயிர் சம்பந்தப்பட்டது புயல். அன்று எங்களுக்கு அது கடலூர் துறைமுகத்திலிருந்து ஒரு எண்ணாக வரும். எச்சரிக்கைக் கூண்டு இத்தனாம் எண் ஏறிவிட்டது என்று மீன் கொண்டுவரும் பெண்கள் சொல்வார்கள். வானொலி இருக்கும் வீட்டில் அதைச் சரிபார்ப்பார்கள். பெரிய வாத்தியார் அந்த எண்ணைக் கரும்பலகையின் மூலையில் எழுதிவைப்பார். அதற்கு என்ன பொருள் என்று எங்களுக்குத் தெரியாது. எண் ஏற ஏற அவர் முகம் இறுகுவது மட்டும் தெரியும்.

2004 டிசம்பர் 26-இல் கடல் வந்தபோது எந்த எண்ணும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை, அதுவும் அரையாண்டு விடுமுறை. கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பிள்ளைகள் பலர். பிழைத்தவர்கள் பள்ளிக் கட்டடங்களில் தங்கினார்கள். ஜனவரியில் வகுப்பு தொடங்கியபோது கடலோரப் பள்ளிகளில் வருகைப் பதிவேட்டைக் கூப்பிடுவதே பெருந்துன்பமாக இருந்தது.

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையேறியது. அப்போது ஊரில் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் போன் வந்துவிட்டது. புயல் வருகிறது என்ற சேதி எல்லோருக்கும் முன்னதாகவே கிடைத்தது. அடித்து ஓய்ந்த பிறகுதான் அந்தப் போன்களின் பலவீனம் தெரிந்தது. மின்கம்பங்கள் வரிசையாக மடிந்து கிடந்தன, கோபுரங்கள் செத்துப்போயின, போனில் சார்ஜ் இல்லை. எங்கள் தெருவுக்கு மின்சாரம் வர வாரக்கணக்கு ஆனது. பள்ளி என்றைக்குத் திறக்கும் என்பதை அந்த ஜனவரியில் ஆசிரியர் ஒருவர் சைக்கிளில் வந்து தெருவில் நின்று சொன்னார். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் கேட்டு வீட்டுக்கு வீடு ஓடினார்கள். முப்பது வருடத்துக்கு முந்தைய வழி, மரங்களெல்லாம் விழுந்து கிடந்த தெருவில், தடையில்லாமல் வேலை செய்தது.

2015 நவம்பர் 9-இல் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. பண்ருட்டி அருகே பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடை உடைத்துக்கொண்டு வந்து ஆட்களை அடித்துக்கொண்டு போனது. அந்த ஆண்டு அரையாண்டுத் தேர்வே ஜனவரிக்குத் தள்ளிப்போனது. 2024-இல் பெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு கரை கடந்தது. இரண்டு நாள் கழித்து, அதிகாலையில், சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கும் அதிகமான நீர் தென்பெண்ணையில் திறக்கப்பட்டது. ஊரே தூங்கும் நேரத்தில் வந்த வெள்ளத்தை ஆற்றோரத்து மக்கள் பலர் போன் வழியாகத்தான் அறிந்தார்கள். பெரிய வாத்தியார் திண்ணையில் நின்று வடக்கே ஆற்றுப்பக்கம் பார்த்திருந்தால் அவருக்கு வானம் வெளுத்திருப்பதுதான் தெரிந்திருக்கும். மழை நின்றபின், நூறு கிலோமீட்டருக்கு அப்பால் திறந்த மதகிலிருந்து வரும் ஆபத்தை எந்தத் திண்ணையிலிருந்தும் பார்க்கமுடியாது. இந்த இடத்தில் புதிய முறையின் பக்கம் நான் முழுதாக நிற்கிறேன்.

அப்படி நிற்பதால்தான் அடுத்ததை எழுதவேண்டியிருக்கிறது.

நான் தொடக்கப்பள்ளியில் இருந்த வருடங்களில்தான் சிப்காட் வந்தது. சவுக்கும் மணிலாவும் இருந்த நிலத்தில், ஐநூறு ஏக்கருக்கு மேல். அப்பா காலத்து மார்கழிக்கு ஈர வைக்கோலும் சாணமும் கோலத்தில் வைத்த பூசணிப்பூவும்தான் வாசனை. 1984 டிசம்பர் 2 நள்ளிரவு போபாலில் விஷவாயு கசிந்தது. இரண்டு நாள் கழித்துப் பெரிய வாத்தியார் செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்புக்கு வந்தார். படித்துக் காட்டவில்லை. சன்னல் வழியாகத் தெரிந்த புதிய புகைபோக்கியைக் காட்டினார். "கெட்ட வாசன வந்தா துணிய நனைச்சு மூக்குல வச்சிக்கணும். காத்து எங்கேருந்து வருதுன்னு பாத்து, அதுக்குக் குறுக்கால ஓடணும். வீட்டுல போயி இத சொல்லணும்" என்றார். நான் போய்ச் சொன்னேன். அன்று மட்டும் அம்மா, நீயா சொல்கிறாயா என்று கேட்கவில்லை.

மார்கழியில் காற்று அசையாது. தரையோரம் குளிர்ந்த காற்றின் மேல் சூடான காற்று மூடிபோல உட்கார்ந்துகொள்ளும். ஆலையிலிருந்து வருவது மேலே போகாமல் பனியோடு சேர்ந்து தெருவில் தங்கிவிடும். பள்ளி தொடங்கும் நேரம்தான் அது மிகவும் கனத்திருக்கும் நேரம். ஈச்சங்காடு, குடிகாடு, காரைக்காடு, சங்கொலிக்குப்பம் பகுதியில் யாரைக் கேட்டாலும் வாசனைகளைப் பெயர் சொல்லிப் பிரிப்பார்கள்: அழுகிய முட்டை, நகச்சாயம், அழுகல் முட்டைக்கோஸ். 2004-இல் இவ்வூர் மக்களே சிலர் பயிற்சி பெற்று, தேதி, நேரம், காற்றின் திசை எல்லாம் நோட்டில் எழுதி, வாளியில் காற்றைப் பிடித்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். அந்த மாதிரிகளில் 22 நச்சு வேதிப்பொருள்கள் இருந்தன. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டில் மிகக் கடுமையாக மாசடைந்தவை என்று பட்டியலிட்ட 43 தொழிற்பகுதிகளில் கடலூரும் ஒன்று. 2025 மே மாதம் குடிகாட்டில் ஒரு ஆலையின் கழிவுநீர்த் தொட்டி அதிகாலையில் வெடித்து, வீடுகளுக்குள் கழிவு புகுந்தது. பள்ளிகள் கோடை விடுமுறையில் இருந்தன.

அபாயகரமான ரசாயனங்களுக்கான 1989-ஆம் ஆண்டு விதிகள், ஆலைக்கு வெளியே என்ன செய்யவேண்டும் என்ற திட்டம் மாவட்ட ஆட்சியரிடம் இருக்கவேண்டும், ஆண்டுக்கு ஒரு முறை ஒத்திகை நடக்கவேண்டும், விபத்து நேர்ந்தால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு முன்கூட்டியே விவரம் சொல்லவேண்டும் என்கின்றன. பள்ளிப் பிள்ளைகளைவிட அதிகம் பாதிக்கப்படக்கூடியவர்கள் யார்? தங்கை மகளின் போனை வாங்கி, அக்டோபரிலிருந்து ஜனவரி வரை அந்தக் குழுவில் வந்த எல்லாச் செய்தியையும் படித்தேன். மழை விடுமுறை, டெங்கு எச்சரிக்கை, கொதிநீர், குடை, மின்சுவிட்சைத் தொடாதே, தேர்வு அட்டவணை, மேலாண்மைக் குழுக் கூட்டம், ஈடுகட்டும் சனிக்கிழமை, பொங்கல் விழாப் படங்கள். ஒவ்வொன்றும் தேவையான சேதி. அக்கறையோடு எழுதிய சேதி. காற்றைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆசிரியரைக் குறை சொல்லமாட்டேன். மேலிருந்து வரும் சுற்றறிக்கையைத்தான் அவர் அனுப்பமுடியும். மாநிலம் முழுமைக்கும் எழுதப்படும் சுற்றறிக்கைக்கு எங்கள் தெருவின் வாசனை தெரியாது. திண்ணையில் நின்ற மனிதருக்குத் தெரிந்திருந்தது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் தலைவராக இருப்பவர் பிள்ளையின் தாய் ஒருவர்தான். மாதக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள் என்று தங்கை மகளிடம் சொன்னேன். வாசனை வந்தால் எந்த எண்ணுக்குச் சொல்வது, பிள்ளைகளை எந்த அறையில் வைப்பது, எந்தப் பக்கம் அழைத்துப் போவது. மூன்றே கேள்வி. "கேக்கறேன் மாமா. ஆனா கூட்டத்துல பாதிப்பேரு வீட்டுக்காரங்க அங்கதான் வேல செய்யறாங்க" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவள் கணவனும் அங்கேதான் வேலை செய்கிறான். அந்தச் சம்பளத்தில்தான் இந்த இரண்டு போனும்.

எங்கள் வகுப்பில் மட்டும் நாற்பது பேருக்கு மேல் இருந்தோம். இன்று ஐந்து வகுப்பும் சேர்ந்தே ஏறக்குறைய அவ்வளவுதான். மற்றப் பிள்ளைகள் காலையில் வேன் ஏறி ஆங்கிலப் பள்ளிகளுக்குப் போகிறார்கள். 2025 ஜூலை 8 அன்று செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அந்தச் சேதி இங்குள்ள எல்லா வீட்டுப் போனுக்கும் நிமிடங்களில் வந்துவிட்டது, யார் பிள்ளை என்பது மட்டும் தெரியாமல். அந்தக் காலை முதல், பிள்ளை பள்ளிக்குள் போய்விட்டதா என்று கேட்டு எழுதும் தாய்மார்கள் அதிகமாகிவிட்டார்கள்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம் மறுபடியும் போயிருந்தேன். பேத்தி மாலையில் வந்து பையை இறக்கி, மூன்றாம் பருவப் புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே சொன்னாள்:

"தாத்தா, இன்னைக்குக் காலையில கெமிக்கல் வாசன வந்துச்சி. டீச்சர் சன்னலெல்லாம் மூடச் சொன்னாங்க. நாங்க எல்லாரும் நடுவுல ஒக்காந்துக்கிட்டோம்."

தங்கை மகள் போனை எடுத்துப் பார்க்கவில்லை. பிள்ளையிடமும் ஒன்றும் கேட்கவில்லை. காலையில் அவளும் சன்னலை மூடியிருந்தாள். அது இன்னும் மூடியேதான் இருந்தது.